பதினான்காவது வார்டும் என் முகமும்

ஜூன் 3, செவ்வாய்

தோல் மருத்துவர் என் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு காது, கழுத்து. "தோல்ல ஒண்ணுமில்லம்மா" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் முகம் சிவந்தது. "ஓ, இதுதானா" என்றார், காத்திருந்த பேருந்து வந்துவிட்டதைப் போல.

இரண்டு மாதம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எப்போது சிவக்கிறது, எங்கே, எதிரில் யார், எவ்வளவு நேரம். "எதிர்ல இருக்கறவங்க வாயால என்ன சொன்னாங்களோ அதையும் எழுதுங்க. மனசுல என்ன நெனச்சிருப்பாங்கங்கறது வேண்டாம்."

மருத்துவர் படிக்கப்போவதால் விவரங்கள்: பெயர் வான்மதி. வயது முப்பத்திரண்டு. வேலங்காடு நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர். கணவர் திருமூர்த்தி, விதைக்கடை வைத்திருக்கிறார். முகம் சிவப்பது ஏழாம் வகுப்பிலிருந்து. நான் மாநிறம்தான், ஆனாலும் சிவந்தால் எல்லோருக்கும் தெரியும். கன்னத்தில் தொடங்கும், காதுக்குப் போகும், கழுத்தில் திட்டுத்திட்டாக இறங்கும். மிளகாய் அரைத்த கையை மறந்து முகத்தில் வைத்துவிட்ட மாதிரி எரியும்.

வேறு தொந்தரவு எதுவும் இல்லை.

ஜூன் 4, புதன்

காலை 9.40. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பின்னால் ஒருவர் நின்றார். இரண்டு நிமிடம். சொன்னது: ஒன்றுமில்லை.

11.15. தபால்காரர் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். மூன்று நிமிடம். சொன்னது: "இங்க ஒரு கையெழுத்துங்க."

1.10. பரிமளம் அக்கா என் உதவியாளர். கூடத்தில் நாங்கள் இரண்டே பேர். "இன்னைக்குச் சட்னி பிரமாதம் போ" என்றார். சட்னிக்கும் சிவந்தது.

4.30. அடுத்து எப்போது சிவக்குமோ என்று நினைத்தேன். சிவந்தது. எதிரில் யாருமில்லை.

ஜூன் 6, வெள்ளி

பதினான்காவது வார்டுக் கூட்டம். செங்கல்சூளை வீதியில் இருக்கும் சமுதாயக்கூடத்தில். அந்த வார்டுக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீரில் வாடை வருகிறது என்று சிலர் புகார் சொல்லியிருந்தார்கள். பொறியாளர் குலசேகரன் சார் என்னை எழுப்பி, மே மாத முடிவைப் படிக்கச் சொன்னார்.

தாளைப் பார்த்து வாசித்தேன். "குடிப்பதற்கு உகந்தது" என்ற இடம் வருவதற்குள் காது அடைத்துவிட்டது. அறுபது பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். கவுன்சிலர் தங்கமுத்து எழுந்து, "ஏனுங்க, தண்ணியப் பத்தி அப்பறம் பேசலாம். அம்மணி மூஞ்சியப் பாருங்க. எங்கூட்டுப் பையன் பீடி குடிச்சுட்டு வந்து நிக்கறப்ப இப்பிடித்தான் இருப்பான்" என்றார்.

சிரிப்பு அடங்கவே வெகு நேரமானது. நான் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு நிமிடம். இதுவரை எழுதியதில் இதுதான் அதிகம்.

நான் சொன்னது பொய் இல்லை. முடிவு தாளில் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

திருமூர்த்தியின் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். இவர் வழக்கம்போல எங்கள் பெண் பார்க்கும் கதையை எடுத்தார். "என்னைப் பாத்ததும் அப்பிடியே செவந்துட்டாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

உண்மை என்னவென்றால், அன்று கேசரி அடிப்பிடித்துவிட்டது. அது கூடம் வரைக்கும் மணக்கிறதே என்றுதான் சிவந்தேன். அவர் முகத்தை நான் அன்று பார்க்கவே இல்லை. ஒன்பது வருடமாகச் சொல்லவில்லை. உலகத்திலேயே என் முகம் தேர்ச்சி பெற்ற இடம் அது ஒன்றுதான். அதையும் எதற்குக் கெடுப்பது.

ஜூன் 10, செவ்வாய்

பதினான்காவது வார்டில் நானே மாதிரி எடுத்தேன். மே மாதம் வரை மாதிரி எடுத்தது மேல்நிலைத் தொட்டியின் அடியில் இருக்கும் குழாயில். இந்த முறை வீடுகளுக்கே போகலாம் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் தெரியாது. கவுன்சிலர் பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று வீடு. மூன்றாவது வீட்டில் ஷமீமா என்ற பெண். வீட்டிலேயே தையல் வேலை. ஐந்து மாதக் கர்ப்பம். வாசலில் குழாயைத் திறந்துவிட்டு, "மொதல்ல வர்ற ரெண்டு கொடம் கொஞ்சம் கலங்கலா இருக்கும் மேடம். அப்பறம் தெளிஞ்சுரும்" என்றாள். நான் முதல் குடத்திலேயே எடுத்துக்கொண்டேன். "வெயில்ல வந்து மொகமெல்லாம் செவந்து போச்சே உங்களுக்கு, உள்ள வந்து ஒக்காருங்க" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள்.

வெயில் என்று சொல்லிவிட்டாளே என்று நிம்மதியாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

மூன்று பாட்டிலும் கறுத்துவிட்டன.

மருத்துவருக்காக விளக்கம்: சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் மருந்து தடவிய தாள் இருக்கும். தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுக்கும். நல்ல தண்ணீர் தெளிவாகவே இருக்கும். வேறு முறையிலும் சோதித்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

பாட்டில்களை எடுத்துக்கொண்டு குலசேகரன் சாரின் அறைக்குப் போனேன். மேலும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், செங்கல்சூளை வீதியில எடுத்த மாதிரி மூணும் கறுத்துருச்சுங்க. குழாயில எங்கயோ சாக்கடை கலக்குது."

அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நீங்களே இப்படித் தடுமாறுறீங்க? உங்களுக்கே உறுதி இல்லாட்டி நான் எதை வெச்சு லைனை நிறுத்துறது? அது மூணு மாசத்துக்கு முந்தி போட்ட லைன்."

"உறுதிதாங்க சார்."

"அப்ப மூஞ்சி எதுக்கு இப்படி ஆகுது?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "மறுபடி ஒரு மாதிரி எடுத்துப் பாத்துக்கலாம்" என்றார். சரிங்க சார் என்றேன்.

என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று, வீட்டுக்கு வரும் வழியில் நான்கு பதில் கிடைத்தது. நான்கும் நல்ல பதில்கள்.

ஜூன் 13, வெள்ளி

பம்ப் ஆபரேட்டர் புது மாதிரி கொண்டுவந்தார். எங்கே எடுத்தது என்று கேட்டேன். "தொட்டிக்கு அடியிலதாங்க. சார் சொன்னாரு."

ஜூன் 14, சனி

மாவு புளித்துவிட்டது. நாளைக்குப் பணியாரம்.

ஜூன் 16, திங்கள்

தொட்டி மாதிரி தெளிவாக இருந்தது. "குடிப்பதற்கு உகந்தது" என்ற அறிக்கையில் கையெழுத்திட்டேன். அந்தத் தண்ணீருக்கு அந்த முடிவு சரி. எழுத்துக்கு எழுத்து சரி. கறுத்த மூன்று பாட்டில்களையும் கழுவிப் போட்டிருக்க வேண்டும். மறந்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

கையெழுத்திடும்போது சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. இன்று ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். முகம் சிவப்பதை அறுவை சிகிச்சையில் நிறுத்தலாமாம். நெஞ்சுக்குள் குழாய் விட்டு ஒரு நரம்பைத் துண்டிப்பார்கள். பிறகு முகம் சிவக்காது. அதற்குப் பதிலாக முதுகும் வயிறும் நிறைய வியர்க்கலாம் என்றார்கள், சிலருக்கு அது சட்டையை மாற்றும் அளவுக்கு இருக்குமாம். துண்டித்த நரம்பை மறுபடி ஒட்ட முடியாது. ஜூலை 9 அன்று ஆலோசனைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

வியர்த்தால் வியர்க்கட்டும். முதுகை யாரும் பார்ப்பதில்லை.

திருமூர்த்தியிடம் அன்று பயிற்சி வகுப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மிளகாய் விதைப் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டே தலையாட்டினார். பொய் சொன்னேன், முகம் சிவக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

பரிமளம் அக்கா வீடு பதின்மூன்றாவது வார்டில். செங்கல்சூளை வீதியில் ஒன்பது பேருக்கு மஞ்சள் காமாலை என்று வந்து சொன்னார். "அந்தத் தையக்காரப் புள்ளைய அரசாஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். முழுகாம இருக்கற புள்ளைக்குக் காமாலை வந்தா ரொம்ப ஆபத்தாமே?"

ஆமாம் என்றேன். இரண்டாம் அலமாரியைத் துடைத்தேன். பிப்பெட் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். ஏற்கனவே கழுவியவைதான்.

அக்கா என்னிடமிருந்து துணியை வாங்கிக்கொண்டார். "போதும் வானு. கண்ணாடி தேஞ்சு போயிரும்."

ஜூன் 24, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. அரசு மருத்துவமனை, பெண்கள் பிரிவு.

ஷமீமாவின் கண் இரண்டும் மஞ்சள். உதடு காய்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து உட்காரப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன்.

"எப்பவும் தண்ணியக் காய்ச்சித்தான் குடிப்பேங்க்கா. புது லைன் வந்ததுக்கு அப்பறந்தான் விட்டுட்டேன். தொட்டியில போர்டு வெச்சிருந்தாங்கல்ல, நல்ல தண்ணின்னு."

அந்த போர்டு மாதாமாதம் மாற்றப்படும். கீழே ஒப்பம் என்று போட்டு ஒரு கையெழுத்தும் அடியில் பெயரும் இருக்கும். என்னுடையது.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

நான் மருத்துவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆகாது" என்றேன்.

வெளியே பணியில் இருந்த டாக்டரிடம் விசாரித்தேன். கிருமி உள்ளே போய்க் காமாலை தெரியவே பல வாரம் ஆகும், இது ஏப்ரல் மே மாதத்தில் குடித்த தண்ணீராக இருக்கும் என்றார். அப்படியானால் ஜூன் 16-இல் நான் போட்ட கையெழுத்துக்கும் ஷமீமாவுக்கும் சம்பந்தமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இல்லைதான்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருந்தை விட்டேன். ஜூன் 16-க்குப் பிறகு அந்த வீதியில் எத்தனை பேர் எத்தனை குடம் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்குக் காமாலை வந்தால் ஆகஸ்டில் தெரியும். அதற்கு எந்தக் கணக்கும் போட முடியாது.

நான் அன்று அந்த அறையில் பாட்டிலை நீட்டிச் சண்டை போட்டிருக்க வேண்டும். மூன்று பேர் என் முகத்தைப் பார்த்தார்கள் என்பதற்காகப் போடவில்லை. அதுதான் நடந்தது. எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் திருமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயம்புத்தூரையும் சொன்னேன். கேசரியையும் சொன்னேன். அவர் கடைக் கணக்கு நோட்டை மூடினார். பிறகு, "கேசரிக்கா?" என்றார். "ஆமாங்க." "அடிப்பாவி" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நரம்பு உன்னோடது மதி. வெட்டறதும் விடறதும் நீ முடிவு பண்ணு. ஆனா நெஞ்சுக்குள்ள குழாய் விடற விஷயத்தைப் பயிற்சி வகுப்புன்னு சொல்லிட்டுப் போகாத."

ஜூன் 25, புதன்

வெள்ளிக்கிழமை வார்டில் சிறப்புக் கூட்டம். நகராட்சி ஆணையர் எழிலரசி மேடமே வருகிறார். காமாலை பற்றிப் பேச.

வீட்டுக்குக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும் பாட்டில்கள் எங்கள் கூடத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பொதுமக்களுக்குக் கொடுப்பதற்காகவே வந்தவை. இதுவரை கொடுத்ததில்லை. நேற்று மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியிலேயே இருபது எடுத்துக்கொண்டேன். சாரிடம் கேட்கவில்லை. அவர் அறையில்தான் இருந்தார்.

மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீதி. இன்று முறை. காலை ஆறு மணிக்கே போனேன். வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு வீடு விட்டு ஒரு வீடு. கதவைத் தட்ட வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், குழாய் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மூடி, வீட்டு எண் எழுதி, வெள்ளிக்கிழமை கையோடு கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். இருபது தடவை.

முதல் வீடு: சிவந்தது. சொன்னது: "காய்ச்சலா?"

இரண்டாவது: சிவந்தது. "வெயில் இன்னும் வரலியே, அதுக்குள்ளயா?"

மூன்றாவது: கதவைத் திறந்தவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நான்காவது: "அன்னைக்குக் கூட்டத்துல பேசுனது நீங்கதானே?" மிக அதிகமாகச் சிவந்தது. ஆனாலும் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

ஐந்து, ஆறு: நினைவில்லை. காது அடைத்திருந்தது.

ஏழாவது வீட்டில் ஒரு பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை. "எனக்கு யார்கிட்டப் பேசினாலும் முகம் செவக்கும்ங்க. சும்மா செவக்கறதுதான். நீங்க இந்தப் பாட்டிலைப் பாருங்க."

அவர், "அப்பிடியா? எனக்குப் பேங்குல கையெழுத்துப் போடச் சொன்னா கை வெடவெடங்கும். நேத்துக்கூட மூணு ஃபாரம் கிழிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை வாங்கிப் பிடித்தார். அவ்வளவுதான். பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் எந்தக் கோடு வரைக்கும் வர வேண்டும் என்று கேட்டார்.

எட்டாவது வீட்டிலிருந்து எல்லா இடத்திலும் முதலிலேயே சொன்னேன். சிவப்பது நிற்கவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

எட்டாவது வீட்டுக்கும் ஒன்பதாவது வீட்டுக்கும் நடுவில் சாக்கடைமேல் ஒரு சிறுபாலம். தாண்டிப் போனால் பதினோராவது வீடு கவுன்சிலர் தங்கமுத்துவுடையது. அவர் இல்லை. அவர் மனைவி இருந்தார். "எங்கூட்டுக்கும் குடுங்க, எங்கூட்ல மட்டும் என்ன தேனா வருது?" என்று கையை நீட்டினார்.

இருபதாவது வீட்டில் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். மொத்தச் சிவப்பு: இருபது. நேரம் எழுதவில்லை, மறந்துவிட்டது. உண்மையாகவே மறந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கூட்டம் பதினோரு மணிக்கு. கூடம் நிரம்பி வாசலிலும் நின்றார்கள். மேடையில் ஆணையர், குலசேகரன் சார், கவுன்சிலர். சார் எழுந்து, ஜூன் 16 அறிக்கையின்படி தண்ணீரில் குறை இல்லை, காமாலை வெளியில் சாப்பிடுவதாலும் வரும் என்றார். கூட்டத்தில் சத்தம். ஆணையர், "பரிசோதனை செஞ்சது யாரு?" என்றார்.

எழுந்தேன். கன்னம், காது, கழுத்து. எல்லாம் அதனதன் வரிசையில் வந்தன. பின்னாலிருந்து ஒருவர், "அம்மணிக்கு மறுபடியும் செவக்குதுங்கோ!" என்றார். சிரித்தார்கள். கவுன்சிலரும் சிரித்தார்.

"செவக்கும்ங்க" என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் பேசி முடிக்கிற வரைக்கும் செவந்துகிட்டேதான் இருக்கும். பேரு சொன்னாச் செவக்கும், சட்னி நல்லாருக்குன்னு சொன்னாக்கூடச் செவக்கும். உண்மை சொன்னாலும் செவக்கும். போன கூட்டத்துல தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னேன். அது பொய் இல்லைங்க, தப்பு. தொட்டித் தண்ணியைச் சோதிச்சுட்டு உங்க வீட்டுத் தண்ணின்னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் பதினாறாம் தேதி, உங்க வீட்டுத் தண்ணி கெட்டிருக்குன்னு தெரிஞ்சும், தொட்டித் தண்ணி நல்லா இருக்குங்கற தாள்ல கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு என் முகம் செவக்கவே இல்லை. அதனால என் முகத்தைப் பாத்து ஒரு முடிவுக்கும் வராதீங்க. உங்க கையில இருக்கற பாட்டிலைப் பாருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. குலசேகரன் சார் எழுந்து, "இது என்ன பாட்டில்? யார் குடுத்தது?" என்றார்.

"நான்தாங்க சார்."

ஆணையர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். என்னிடம், "மேல சொல்லுங்க" என்றார்.

மேடையின் முன்னால் ஒரு நீள மேசை இருந்தது. வீட்டு வரிசைப்படி வந்து வையுங்கள் என்றேன். முதல் வீட்டுக்காரர் வந்து வைத்தார். தெளிவு. இரண்டாவது தெளிவு. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் தெளிவு. முன்வரிசையில் ஒருவர், "எல்லாம் நல்லாத்தான இருக்குது" என்றார். ஏழாவது, வங்கியில் கை நடுங்கும் பெண்மணி. தெளிவு. எட்டு, தெளிவு.

ஒன்பதாவது வீட்டுக்காரர் துணிப்பைக்குள் கைவிட்டு எடுத்து வைத்தார். தார் மாதிரிக் கறுப்பு.

பத்து, கறுப்பு. பதினோராவது வீட்டுப் பாட்டிலைத் தங்கமுத்துவின் மனைவி முந்தானையில் பிடித்தபடி கொண்டுவந்து, மேசையில் வைக்காமல், நேராக மேடைக்குப் போய்க் கணவர் முன்னால் வைத்தார். "இதைத்தான் குடிச்சுட்டு இருக்கறோம். நீங்க பீடிக் கதை சொல்லிட்டு இருங்க" என்றார். கவுன்சிலரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவரும் மாநிறம்தான். சிவந்தது.

பன்னிரண்டு முதல் இருபது வரை கறுப்பு. எட்டுப் பாட்டில் தெளிவு, பன்னிரண்டு பாட்டில் கறுப்பு. நடுவில் கோடு போட்ட மாதிரி.

குலசேகரன் சார் மேடையிலிருந்து இறங்கி வந்தார். எட்டாவது பாட்டிலுக்கும் ஒன்பதாவது பாட்டிலுக்கும் நடுவில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மெதுவாக, "சிறுபாலம்" என்றார். "அங்க குழாய் சாக்கடைக்குள்ள போகுது. இணைப்பு விட்டிருக்கும். குழாய் காலியா இருக்கற நாள்ல சாக்கடையை உள்ள இழுத்துக்குது." அப்புறம்தான் நிமிர்ந்து ஆணையரிடம், "மேடம், இப்பவே லைனை மூடணும்" என்றார்.

பதினோரு மணி ஐம்பது நிமிடத்துக்குக் குழாயை மூடினார்கள். மாலைக்குள் லாரியில் தண்ணீர். வீடு வீடாகப் போய், காய்ச்சிக் குடிக்கும்படி சுகாதார ஊழியர்கள் சொன்னார்கள்.

முகம் எவ்வளவு நேரம் சிவந்திருந்தது என்று பரிமளம் அக்காவிடம் கேட்டேன். "முழுக்க முழுக்க. தீபம் மாதிரி இருந்தே" என்றார்.

ஜூன் 28, சனி

சிறுபாலத்தைத் தோண்டினார்கள். வீதி முழுக்க வேடிக்கை பார்த்தது. ஆறடிக்குக் கீழே இணைப்பு வாய் பிளந்து கிடந்தது. இரண்டு விரல் நுழையும். குலசேகரன் சார் பேண்ட்டை மடித்துக்கொண்டு குழிக்குள் தானே இறங்கி அதைத் தொட்டுப் பார்த்தார்.

மேலே ஏறியதும் என்னிடம் வந்தார். கையெல்லாம் சேறு. "அன்னைக்கு நான் பாட்டிலைப் பாத்திருக்கணும்மா" என்றார்.

"நான் உங்க கையில குடுத்திருக்கணுங்க சார்" என்றேன்.

ஜூன் 30, திங்கள்

விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது, ஜூன் 16 கையெழுத்துக்காக. நியாயம்தான். நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாருக்கும் ஒன்று வந்திருக்கிறது.

ஜூலை 2, புதன்

ஷமீமாவைப் பார்க்கப் போனேன். கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறதாம். "ஒதைக்குதுக்கா, பாருங்க" என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். அந்த போர்டில் இருந்த கையெழுத்து என்னுடையது என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும்க்கா. பேரு போட்டிருந்துச்சே" என்றாள். "வீட்டுக்காரரு கூட்டத்துல நீங்க பேசுனத போன்ல எடுத்துட்டு வந்தாரு. மூணு தரம் பாத்தேன். கோவமாத்தான் பாத்தேன். மூணாந்தரம் கோவம் போயிருச்சு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "அந்தச் செவந்த மூஞ்சி மேடம் இவங்கதானா?" என்று கேட்டார். ஆமாம், நான்தான் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். நாளைக்கு வரவில்லை என்றேன். வேறு தேதி வேண்டுமா என்றார்கள். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள், படிவத்தில் எழுத வேண்டுமாம். "வேலை இருக்கிறது" என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

திருமூர்த்தி நாளைக்காகக் கடைக்கு விடுமுறை சொல்லி, கார் வரச் சொல்லியிருந்தாராம். என்னிடம் சொல்லவில்லை. அவரும் கூட வருவதாக இருந்திருக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

புதுக் குழாய் சாக்கடைக்கு மேலே, சுவரோரமாகப் போகிறது. மூன்று முறை மருந்து போட்டுக் கழுவிவிட்டார்கள். புதன்கிழமை அந்த இருபது வீடுகளிலும் முதல் குடத்துத் தண்ணீரைப் பிடித்தேன். இன்று காலை கூடத்தைத் திறந்ததும் பரிமளம் அக்காதான் முதலில் பார்த்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணினார். இருபதும் தெளிவு. வேறு சோதனையும் அதையே சொன்னது. அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒரு பாட்டில் உருண்டு விழப் பார்த்தது.

பதினொன்றரைக்குச் சமுதாயக்கூடத்தில் அறிவித்தேன். ஷமீமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நேற்றுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கவுன்சிலர் ஒலிபெருக்கியைத் தானே தூக்கிவந்து என் உயரத்துக்குத் திருகி வைத்தார். "சொல்லுங்க அம்மணி" என்றார். சொன்னேன். விசில் அடித்தார்கள். யாரோ ஒரு குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். என் முகம் கொதித்தது. நான் கைதட்டுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஏழாவது வீட்டுப் பெண்மணி இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார்.

கிளம்பும்போது ஆணையர் கூப்பிட்டார். தொட்டியில் போர்டு வைப்பதை நிறுத்தப் போகிறார்கள். இனி ஒவ்வொரு வார்டிலும் வீட்டுக் குழாய்களில் சோதித்து, முடிவை அந்த வார்டுக் கூட்டத்தில் ஒருவர் நேரில் நின்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"குலசேகரன் உங்க பேரைத்தான் சொன்னார். குறிப்பாணை அது பாட்டுக்கு நடக்கும், அது வேற. பேச ஆள் வேணும். உங்களால முடியுமா? கூட்டம்னா உங்களுக்குக் கொஞ்சம்..." என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அது பாட்டுக்கு இருக்கும்ங்க மேடம்" என்றேன். "எத்தனை வார்டுங்க?"

"இருபத்து நாலு."

மாதத்துக்கு இரண்டு வார்டு. ஒரு வருடம் முழுக்கச் சிவக்கலாம்.